எதிர்வீட்டுப் படலையைப் பார்த்த கமரா

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கமரா ஆமிக்காரருடையது. ஒவ்வொரு வீட்டுக்காரரையும் வாசலில் நிறுத்திக் குடும்பப் படம் எடுத்தார்கள். ஒரு பிரதியை முகாமில் வைத்துக்கொண்டு மற்றதை எங்களிடம் தந்தார்கள். சுற்றிவளைப்பு வந்தால் அந்தப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு படலையடியில் நிற்கவேண்டும். படத்தில் இருக்கிறவர் வீட்டில் இல்லையென்றால் எங்கே என்று கேட்பார்கள். படத்தில் இல்லாதவர் வீட்டில் இருந்தால் அதிகம் கேட்கமாட்டார்கள், ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மன்னார்த் தீவில் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் அது தொங்கியது. எங்கள் படத்தில் நானும் என்னவரும் மட்டும்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

இரண்டாவது கமராவை நானே கடைக்குப் போய்த் தெரிந்தெடுத்தேன். கள்ளனுக்குப் பயந்து அல்ல. எதிர்வீட்டு மனிதரை ஒவ்வொரு நாளும் வாட்டி எடுக்கவேண்டும் என்பதற்காக. இதைச் சொல்ல எனக்கு அன்றும் வெட்கமில்லை, இன்றும் இல்லை.

அந்த மனிதரின் படலை எங்கள் படலைக்கு நேரெதிரே இருந்தது. நடுவில் ஒரு மாட்டுவண்டி போகக்கூடிய ஒழுங்கை. அரசாங்கக் கந்தோரான கச்சேரியில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். பென்சனுக்குப் பிறகு கச்சேரி மதிலோரம் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டு, சனங்களுக்குப் பெட்டிசன் எழுதிக் கொடுத்தார். தொலைந்த காணி உறுதி, வெட்டுப்பட்ட நிவாரணம், பிடிபட்ட வள்ளம், பிடிபட்ட பிள்ளை, எதற்கும் அவரிடம் ஒரு வசனம் தயாராக இருக்கும். எழுதுவதற்கு முதல் தாளை நெட்டுக்கு மடித்து, இடதுபக்கம் மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விடுவார். அது பெரியவர்கள் தங்கள் கட்டளையை எழுதுகிற இடமாம். விரல் நகத்தால் மடிப்பை அழுத்தி அழுத்தித் தேய்ப்பார். என் தம்பி வெளிநாடு போவதற்கான பேப்பர்களையும் அப்படி மடித்து அவர்தான் எழுதினார். அந்த நாட்களில் அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிட்டேன்.

சமாதானக் காலம் வருவதற்கு இரண்டு வருடம் முன்பு ஆமிக்காரர் என்னவரைப் பிடித்தார்கள். கடலால் வந்து கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றவரை, உடுத்திருந்த ஈரச் சாரத்தோடு கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு வள்ளமும் இரண்டு வலையும் கோயில் திருவிழாவுக்கு ஒரு வெள்ளைச் சேட்டும் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லாத மனிதர். நான் முகாமுக்கு ஓடினேன். இரண்டு நாள் வாசலில் நிற்க வைத்தார்கள். மூன்றாம் நாள் முகாம் பெரியவர் உள்ளே கூப்பிட்டார். அவருடைய மேசையில் ஒரு பைல் திறந்தபடி இருந்தது. அதற்குள் ஒரு தாள். எழுத்து எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது, வாசிக்க முடியவில்லை. ஆனால் மடிப்புத் தெரிந்தது. மூன்றில் ஒரு பங்கு வெறுமை. நகத்தால் தேய்த்த கோடு. அந்த வெறுமையில் பெரியவர் தன் மொழியில் ஏதோ எழுதியிருந்தார்.

"ஒரு மாதத்துக்குப் பிறகு வாங்கோ. பரிசீலிக்கிறம்" என்று பெரியவர் சொன்னதைப் பக்கத்தில் நின்றவர் தமிழில் எனக்குச் சொன்னார். அந்த ஒரு மாதத்தை எட்டு முறை சொன்னார்கள்.

எட்டு மாதத்துக்குப் பிறகு என்னவர் வந்தார். வலதுகையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் ஒருமுறைக்கு மேல் கேட்கவில்லை. விரல் மடங்காதவர் வலையை எப்படி இழுப்பது? வள்ளத்தை விற்றோம். அவர் விறாந்தையில் இருந்து சின்ன வானொலிப் பெட்டியைக் காதோடு வைத்துப் பாட்டும் செய்தியும் கேட்டார். நான் தையல் மெசினை மிதித்தேன்.

மடிப்பைப் பற்றி நான் சொன்னபோது அவர் வானொலியைக் கொஞ்சம் தணித்தார்.

"கந்தோர்ல வேலை செய்த ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் மடிக்கிறவை. விடும்."

"எங்கட ஒழுங்கையில எத்தினை பேர் கந்தோர்ல வேலை செய்தவை?"

"விடும் எண்டு சொல்லுறன்."

அவர் விட்டார். நான் விடவில்லை. எதிர்வீட்டுக்காரருக்கும் எங்களுக்கும் அதற்கு முதல் ஒரு சண்டை இருந்தது. எங்கள் வேப்பமரத்தின் கொப்பு ஒழுங்கைக்குக் குறுக்கே நீண்டு அவருடைய கூரையில் சருகு கொட்டியது. வெட்டச் சொன்னார், என்னவர் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தார். ஒரு வேப்பங்கொப்புக்காக ஒரு மனிதனின் கையை வாங்கிவிட்டாரே என்று எனக்கு வயிறு எரிந்தது. என்னவரைப் பிடித்த அதே கிழமையில்தான் அவருடைய மகனையும் பஸ்ஸில் வைத்துப் பிடித்து நாலு நாளில் விட்டிருந்தார்கள். அவன் திரும்பி வந்தபோது முதல் ஆளாகப் போய்க் கைபிடித்து அழுதவள் நான். கோயிலில் அவனுக்காக மெழுகுதிரியும் கொளுத்தினேன். அந்த மெழுகுதிரியை நினைக்க நினைக்கக் கூடுதலாக எரிந்தது.

என்னவர் திரும்பி வந்த அன்று எதிர்வீட்டுக்காரர் வந்து பார்க்கவில்லை. ஒழுங்கை முழுக்க வந்தது. அவர் மட்டும் தன் விறாந்தையில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு இருந்தார். அன்றோடு அண்ணை என்ற சொல்லை நிறுத்தினேன்.

பிறகு சமாதானம் வந்தது. றோட்டுத் திறந்தது, கொழும்புச் சாமான்கள் வந்து குவிந்தன. வெளிநாட்டில் இருந்த தம்பி தன் கடைக்குக் கமரா பூட்டியதாகவும், தனியே இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு அது நல்லதென்றும், காசு அனுப்புவதாகவும் தொலைபேசியில் சொன்னான். நான் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தேன். தொலைபேசியைக் காதில் வைத்தபடி கடை வாசலால் பார்த்தபோது எதிர்வீட்டுக்காரர் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கச்சேரிப் பக்கம் போவது தெரிந்தது. யாருடைய கண்ணும் தன்மேல் இல்லாத மனிதரின் நடை அது. "அனுப்பு" என்றேன்.

மன்னார் பட்டினத்தில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் ரீவியும் மின்விசிறியும் இருந்தன. ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, வருடக்கணக்காகப் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுச் சமாதானத்தோடு திரும்பி வந்தவர் அவர். கமரா என்றதும் உற்சாகமாகி நாலு பெட்டிகளை இறக்கினார். முதலாவது சட்டைப் பொத்தான் அளவு. இரண்டாவது கவிழ்த்து வைத்த சிரட்டை மாதிரி, முகட்டில் ஒட்டிவிட்டால் கமரா என்றே தெரியாது. மூன்றாவது பெரியது, ஆனால் வீட்டுச் சுவரின் நிறத்தில் இருந்தது.

"கள்ளன் வந்து முன்னால நிண்டாலும் தெரியாது, தங்கச்சி. படம் மட்டும் விழுந்துகொண்டே இருக்கும்" என்று பொத்தானை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"எது தூரத்திலயே தெரியும், நானா?"

"எல்லாரும் தெரியாததைத்தானே கேக்கிறவை?"

"எனக்குத் தெரியவேணும். ஒழுங்கையால போறவருக்கு நல்ல வடிவாத் தெரியவேணும்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு நாலாவது பெட்டியைத் திறந்தார். முழங்கை நீளம், கறுப்பு நிறம், முன்னால் பெரிய கண்ணாடி. கீழே ஒரு சிவப்பு வெளிச்சம் மினுங்கி மினுங்கி எரிந்தது. இதுதான் என்று கையை வைத்தேன்.

"இது வெறும் பெட்டி. உள்ளுக்கு ஒண்டும் இல்லை. ரெண்டு பற்றரி போட்டால் வெளிச்சம் எரியும், அவ்வளவுதான். கடைக்காரர் சும்மா வெருட்டுறதுக்குப் பூட்டுறவை."

"இதைத் தாங்கோ."

நானா சிரித்தார். "ஒருவகையில நல்லதுதான். உண்மையானதைப் பூட்டினா ஆமி, இயக்கம் ரெண்டு பகுதியும் வந்து படத்தைக் கேக்கும். ஒருத்தருக்குக் குடுத்தா மற்றவன் சும்மா விடமாட்டான்." பெட்டியைக் கட்டிக்கொண்டே கேட்டார்: "ஆருக்குக் காட்ட வாங்கிறீங்கள்?"

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"நாங்கள் புத்தளத்தில கிடக்கேக்க எங்கட வீட்டுக் கதவு நிலையெல்லாத்தையும் ஆர் கழட்டினதெண்டு எனக்கும் தெரியும், தங்கச்சி. அவரிட்டத்தான் இண்டைக்கும் மீன் வாங்குறன்."

அவர் நல்ல மனிதர். நான் வேறு. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தலைமன்னார் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். தம்பிக்கு உண்மையான கமரா பூட்டியதாகவே சொன்னேன். அவனுக்கு அது இன்றுவரை தெரியாது.

விறாந்தைத் தூணில் பூட்டி, கண்ணாடியை எதிர்வீட்டுப் படலைக்கு நேரே திருப்பினேன். அதன் பார்வை எங்கள் படலைக்கு மேலால் தாண்டிப் போனது. பார்க்கிறவனுக்குச் சிரிப்பு வந்திருக்கும், தன் வீட்டை விட்டுவிட்டு அயல்வீட்டைக் காவல் காக்கிற கமரா. சிரிக்கவேண்டியவருக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் நாள் காலையில் படலையைத் திறந்தவர் சிவப்பு வெளிச்சத்தைக் கண்டு அப்படியே நின்றார். திரும்பி உள்ளே போய்ச் சேட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அவரை நான் விறாந்தையில் தேத்தண்ணியோடு இருந்து பார்த்தேன். வெற்றிலையை வேலியடியில் துப்புகிறவர் துப்புவதை விட்டார். மனைவியைக் கிணற்றடியில் ஏசுகிற சத்தம் நின்றது. சந்தையால் வரும்போது பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். ஒரு மாதத்தில் குடையை விரிக்கத் தொடங்கினார். மழையும் இல்லை, உச்சி வெயிலும் இல்லை, படலையடிக்கு வரும்போது மட்டும் குடை விரியும். ஒழுங்கை முடிந்ததும் சுருங்கும். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. எட்டு மாதம் முகாம் வாசலில் எத்தனை கண்களுக்கு முன்னால் நான் நின்றேன். இப்போது நீர் நில்லும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவருடைய மனைவியும் அதன்பிறகு வாசலுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். முன்பெல்லாம் முருங்கைக்காய்க் கறி வைத்தால் வேலிக்கு மேலால் ஒரு கிண்ணம் நீட்டுகிற மனுசி. அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. கொஞ்சம்தான்.

மறுபடியும் சண்டை தொடங்கி றோட்டுப் பூட்டுப்பட்டபோது பற்றரிக்குத் தட்டுப்பாடு வந்தது. கடையில் கிடைத்தால் ஆளுக்கு இரண்டு. கமராவுக்கும் இரண்டு, என்னவரின் வானொலிக்கும் இரண்டு. நான் வானொலியில் இருந்ததைக் கழற்றிக் கமராவில் போட்டேன். என்னவர் பேசாத வானொலியை மடியில் வைத்துக்கொண்டு ஒழுங்கையைப் பார்த்தபடி இருப்பார்.

"செய்தியும் கேக்காமல் இருக்கிறது ஒருமாதிரி இருக்கு" என்றார் ஒருநாள்.

"ஊரில நடக்கிறதுதானே செய்தி. அது எங்களுக்குத் தெரியும்தானே" என்றேன்.

அவருக்கு என்னோடு வழக்காட வராது. அந்த மனிதருடைய ஒரே ஆசையைப் பிடுங்கித்தான் அந்தச் சிவப்பு வெளிச்சத்தை எரிய விட்டேன். பழிக்கு நான் கொடுத்த விலையில் பாதியை அவர் கொடுத்தார்.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம் எதிர்வீட்டுக்காரர் குடையோடு வந்தார். குடை வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. அதற்குக் கீழே நாலு கால்கள் தெரிந்தன. இரண்டு அவருடையவை, இரண்டு சப்பாத்துப் போட்டவை. பெட்டிசன் எழுத வந்த யாரோ என்று நினைத்தேன், அதற்குமேல் யோசிக்கவில்லை.

அடுத்தநாள் காலையில் அவர் எங்கள் படலைக்கு வந்தார். ஐந்தாறு வருடத்தில் முதல் தடவை.

"தங்கச்சி, அந்தக் கமராவைக் கொஞ்சம் கிழக்கால திருப்பி விடுவீங்களோ?"

"ஏன்?"

"வீட்டில பொம்பிளையள் நடமாட ஏலாமல் கிடக்கு."

அவர் வீட்டில் அந்த ஒரு மனுசிதான். எனக்குள் ஏதோ துள்ளியது. வருடக்கணக்காகக் காத்திருந்த வசனம் தானாக வாயில் வந்தது.

"பெட்டிசன் எழுதித் தாங்கோ. பாப்பம்."

பகிடி என்று நினைத்துச் சிரிப்பார், அல்லது கோபித்துக்கொண்டு போவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. பின்னேரமே கொண்டுவந்து தந்தார். மேற்படி கமரா தனது இல்லத்து வாயிலை நோக்கியிருப்பதால் ஏற்படும் இடைஞ்சலைத் தாழ்மையுடன் அறியத்தருவதாகவும், தயைகூர்ந்து ஆவன செய்யுமாறும் எழுதியிருந்தது. தாள் நெட்டுக்கு மடிக்கப்பட்டிருந்தது. மூன்றில் ஒரு பங்கு வெறுமை. நகத்தால் தேய்த்த கோடு.

அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தேன். முகாம் மேசையில் கண்டது அதுவேதான். தையல் மெசின் லாச்சியிலிருந்து பேனையை எடுத்து, வெறுமையாக விட்டிருந்த இடத்தில் எழுதினேன்: பரிசீலிக்கப்படும். ஒரு மாதத்தின் பின் வரவும்.

அவர் வாசித்தார். "ஒரு மாதம் கூடிப்போச்சு, தங்கச்சி" என்றார். "எனக்கும் கூடித்தான் போச்சு" என்று சொல்லிவிட்டு மெசினில் இருந்தேன். அன்று தைத்த தையல் ஒன்றும் நேராக வரவில்லை, அவ்வளவு சந்தோசம்.

பத்து நாள் கழித்து, மத்தியானச் சோறு ஆக்குகிற நேரம், நாலு ஆமிக்காரர் சைக்கிளில் ஒழுங்கைக்குள் வந்தார்கள். வழக்கமாக வருகிற ரோந்துதான். எங்கள் படலையடியில் ஒருவன் காலை ஊன்றி நின்றான். கோப்ரல் பட்டி வைத்திருந்தவன், கொஞ்சம் தமிழ் தெரிந்தவன். கமராவைப் பார்த்தான். பிறகு கமரா பார்க்கிற பக்கத்தைப் பார்த்தான்.

"அம்மா, இந்தக் கமரா ஏன் அந்த வீடு பாக்குது?"

"அந்த வீடு பிரச்சினையா? ஆள் வாறதா?"

அவன் மற்றவர்களுக்குத் தங்கள் மொழியில் ஏதோ சொன்னான். இரண்டு பேர் சைக்கிளைச் சாத்திவிட்டு எதிர்வீட்டுப் படலையைத் தட்டினார்கள். எதிர்வீட்டுக்காரர் குடும்பப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். படத்தில் அவரும் மனைவியும் மட்டும். கடைசியாகப் படமெடுத்தபோது மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அப்போதுதான் எனக்குக் குடைக்குக் கீழே கண்ட நாலு கால்கள் நினைவுக்கு வந்தன. கொழும்பில் தமிழ்ப் பொடியன்களைப் பிடிக்கிறார்கள் என்று வானொலி பேசிய நாட்களில் கேட்டிருந்தேன். வந்தவனை முகாமில் பதியவேண்டும். ஒருமுறை பிடிபட்டவனை எந்தத் தகப்பன் கொண்டுபோய்ப் பதிவான்? பின்பக்கத்தால் வெளியேற்ற வழியில்லை, உடைமரப் பற்றைக்கு அப்பால் காவலரண். முன்பக்கத்தில் என் கமரா.

எதிர்வீட்டுக்காரர் ஆமிக்காரரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகன் வந்து இறங்கியது அதற்குள் படமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

"வீடியோ போடுங்க. ஒரு மாசம் பாக்கணும்" என்றான் கோப்ரல்.

இந்த நாளுக்காகத்தான் நான் எல்லாம் செய்தேன். அவருடைய படலையில் ஆமி நிற்கவேண்டும், அவருடைய பிள்ளையை ஈரச் சாரத்தோடு கூட்டிப்போகவேண்டும், அவருடைய மனுசி முகாம் வாசலில் நிற்கவேண்டும் என்று எத்தனை நாள் மெசின் மிதிக்கும்போது நினைத்திருப்பேன். இப்போது அவரைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை. வீடியோ பழுதாகிவிட்டது என்றாலே போதும், வீட்டுக்குள் புகுந்து தேடுவார்கள். கோப்ரலின் விரல் கமராவிலிருந்து எதிர்வீட்டுக்குக் கோடு போட்ட மாதிரி நீண்டிருந்தது. அந்த விரலைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. பெயர் போடாமல், ஒரு வரி எழுதாமல், மூன்று வருடமாக நானும் ஒரு மொட்டைக் கடிதத்தைத் தூணில் பூட்டி வைத்திருந்திருக்கிறேன்.

நான் இரங்கினேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். இரக்கம் வரவில்லை. என் பகையை நான் ஆமிக்காரன் கையில் கொடுக்கவேண்டுமா என்ற ரோசம்தான் வந்தது. என்னவரின் விரல்களை எடுத்தவர்களிடமே நான் நீதி கேட்டுப் போவதா?

"அது வெறும் பெட்டி, சேர். கழுதைக்குப் பூட்டினது" என்றேன்.

"என்னது?"

"கழுதை. பூருவா." அவர்கள் மொழியிலும் சொல்லி, கையால் இரண்டு காதையும் நீட்டிக் காட்டினேன். "கொடியில காயப்போட்ட உடுப்பெல்லாத்தையும் வந்து திண்டுட்டுப் போகுதுகள். சிவப்பு வெளிச்சம் கண்டால் வராது எண்டு சொன்னவை. அதுதான்."

மன்னாரில் இருக்கிற எந்த ஆமிக்காரனுக்கும் கழுதையைப் பற்றி விளக்கம் சொல்லத் தேவையில்லை. அவர்களுடைய சாரத்தையும் அவை தின்றிருக்கும். ஆனாலும் கோப்ரல் நம்பவில்லை. விறாந்தைக் கதிரையை இழுத்து ஏறிப் பெட்டியைக் கழற்றினான். மூடியைத் திறந்தான். உள்ளே இரண்டு பற்றரி, ஒரு சிவப்புப் பல்ப், கொஞ்சம் தூசி. குலுக்கிப் பார்த்தான். பிறகு ஒழுங்கையில் நின்றவர்களுக்குப் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டி, "பூருவாட்ட கமரா!" என்று கத்தினான். எதிர்வீட்டுப் படலையில் நின்ற இருவரும் ஓடிவந்து பார்த்தார்கள். நாலு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெட்டியைக் கதிரையில் வைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார்கள். ஒழுங்கை முடியும்வரை ஒருவன் கழுதை மாதிரிக் கத்திக்கொண்டே போனான்.

எதிர்வீட்டுக்காரர் குடும்பப் படத்தோடு அப்படியே நின்றார். மூன்று வருடம் குடை பிடித்தது இரண்டு பற்றரிக்கு என்று அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. நல்லது செய்ததற்காக அல்ல. கையில் இருந்த ஒரே ஆயுதமும் போய்விட்டதே என்று.

அடுத்தநாள் பூசை முடிந்து வந்து முக்காட்டை மடித்துக்கொண்டிருந்தபோது அவர் விறாந்தைப் படியில் வந்து நின்றார். என்னவர் கிணற்றடியில் இருந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார், முகத்துக்கு நேரே கதவைச் சாத்தவேண்டும் என்று நினைத்தேன்.

"நான்தான் எழுதினனான்" என்றார்.

நான் முக்காட்டை மடித்தபடி நின்றேன்.

"மகனைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு, ஒரு பேர் எழுதித் தா, விடுறம் எண்டவங்கள். நாலு நாள் யோசிச்சன். குற்றமுள்ள ஆளின்ர பேரை எழுதினா அவனைச் சுட்டுப்போடுவாங்கள். உங்கட ஆளில ஒரு குற்றமும் இல்லை. விசாரிச்சுப்போட்டு ரெண்டு நாளில விட்டிடுவாங்கள் எண்டு நினைச்சன். பிள்ளை குட்டியும் இல்லாத வீடு..."

வேப்பங்கொப்புக்காக இல்லை. கோபத்துக்காகக்கூட இல்லை. இந்த ஒழுங்கை முழுக்கத் தேடி, நல்ல மனிதர் என்பதற்காகவும் எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதற்காகவும் என்னவரைத் தெரிந்தெடுத்திருக்கிறார். அப்படி விடுபட்டு மகன் வந்தபோது நான் மெழுகுதிரி கொளுத்தினேன். நேற்று, அதே பிள்ளையைத்தான், நானே என் வாயால் காப்பாற்றிவிட்டேன். ஒரு பிள்ளைக்கு எங்கள் வீடு எத்தனை முறை கொடுப்பது?

மன்னிப்பு என்ற சொல் அவர் வாய்வரை வந்திருந்தது. அது வெளியே வருவதற்கு முதல் நான் கமராவைக் கையில் எடுத்தேன்.

"கதிரையைப் பிடியுங்கோ" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. பெட்டியிலிருந்த இரண்டு பற்றரியையும் கழற்றி வைத்துவிட்டு, கதிரையைத் தூணடிக்கு இழுத்து ஏறினேன். அவர் குனிந்து இரண்டு கையாலும் கதிரைக் காலைப் பிடித்தார். பெட்டியை அதே இடத்தில் வைத்து, அதே படலைக்கு நேரே கண்ணாடியைத் திருப்பி, ஆணியை ஒவ்வொன்றாக இறுக்கினேன். அவசரப்படவில்லை. இறங்கியபோதும் அவர் கதிரையைப் பிடித்தபடிதான் இருந்தார். "போங்கோ" என்றேன். போனார்.

ஆமிக்காரருக்கு இனி அது கழுதைக் கமரா. அவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்களே தவிர அது பார்க்கிற பக்கத்தைப் பார்க்கமாட்டார்கள். அடுத்த கிழமை எதிர்வீட்டில் மகன் இல்லை. எப்படிப் போனான், எங்கே போனான் என்று நான் கேட்கவில்லை.

அவர் சொன்னதை என்னவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. கழற்றி வைத்திருந்த இரண்டு பற்றரியையும், அவர் வந்துபோன அன்று காலையே, வானொலியில் போட்டு என்னவரின் மடியில் வைத்தேன். அவர் திருகினார், பாட்டு வந்தது. தூணை அண்ணாந்து பார்த்தார்.

"அப்ப கமராவுக்கு?"

"அதுக்கு இனித் தேவையில்லை" என்றேன்.

மறுநாள் எதிர்வீட்டுக்காரர் கச்சேரிக்கு வெளிக்கிட்டார். குடை கக்கத்தில் இருந்தது, விரிக்கவில்லை. பெட்டிக்குள் வெளிச்சம்கூட இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆணி இறுக்கும்போது கதிரை பிடித்தவரே அவர்தான். ஆனாலும் தூணுக்கு நேரே வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார், ஒழுங்கை முடியும்வரை நிமிரவில்லை. அவர் அந்த வீட்டை விட்டுப் போகும்வரை ஒவ்வொரு நாளும் அப்படித்தான் போனார். நான் விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தேன்.